தூமகண்டாசுரனைக் கொன்ற வாய்

"தூமகண்டாசுரனைக் கொன்னது நான்தான்" என்றார் பக்கிரிசாமி. "கத்தி எடுக்கல, கம்பு எடுக்கல, உக்காந்த எடத்துலேருந்து எந்திரிக்கக்கூட இல்ல. வாயைத் திறந்தேன். ஆளு காலி."

பினாங்கில் மோகனாவின் டீக்கடையில் எழுந்த சிரிப்பில், மேசைமேல் ஆற்றி வைத்திருந்த தே தாரிக் டீயெல்லாம் இன்னொரு முறை நுரைத்தது. குளிர்பெட்டிக்கு மேலே உட்கார்ந்திருந்த தொலைக்காட்சியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. நாடகம் ஏழரைக்குத்தான். இன்றைக்குத் தூமகண்டன் சாகப்போகிறான் என்று ஒரு வாரமாக விளம்பரம் போட்டு உயிரை வாங்கியிருந்தார்கள். எப்படிச் சாவான் என்பதை மட்டும் காட்டவில்லை.

"அண்ணே, இன்னும் நாடகமே ஆரம்பிக்கல. அதுக்குள்ள கொன்னுட்டீங்களா?" என்றாள் மோகனா, வடைத் தட்டை வைத்தபடி.

"நான் கொன்னு ஒன்றரை மாசம் ஆச்சு. உங்களுக்குத்தான் இன்னிக்குக் காட்டுறாங்க. வேணும்னா ஆச்சியைக் கேளு. கொலை நடந்த எடத்துல கூடவே இருந்தாங்க."

எல்லாத் தலைகளும் மின்விசிறிக்கு நேர் கீழே இருந்த நாற்காலிப் பக்கம் திரும்பின. அதில் விசாலம் ஆச்சி, நெற்றி விபூதி கலையாமல், புடவை மடிப்புக் கலையாமல், முகத்தில் ஒரு கோடுகூட அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது. நாடகம் முடியட்டும்" என்றார் ஆச்சி.

பக்கிரிசாமி வடையைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார். வெளியே சிரித்தாலும் கண் கடிகாரத்தை விட்டு நகரவில்லை. இன்னும் அரைமணி நேரத்தில் அவருடைய வாய் அவருக்குச் சொந்தமா இல்லையா என்பது முடிவாகிவிடும்.

அந்த வாய் சாதாரண வாய் அல்ல. ஜார்ஜ்டவுனுக்கும் பாலிக் புலாவுக்கும் நடுவே வாழ்நாள் முழுக்க அவர் பஸ் ஓட்டினார். மலைப்பாதை வளைவுகளில் ஹாரன் கெட்டுப்போனால் அவர் பணிமனைக்குப் போன் போட்டதே இல்லை; ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டித் தானே ஒரு சத்தம் கொடுப்பார். எதிரே வரும் லாரி பின்னோக்கிப் போகும். கடலுக்கு அப்பால் கெப்பாலா பத்தாஸில் கொடியில் காயும் துணி ஆடும். இது அவரே சொன்ன கணக்கு, ஆனால் மறுத்தவர் யாரும் இல்லை. மறுப்பதற்கு அவர் இடம் கொடுத்ததும் இல்லை.

ஓய்வு பெற்ற பிறகு அந்த வாய்க்கு வேலையில்லாமல் போயிற்று. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். மகள் சிங்கப்பூரில். மேல்மாடி வீட்டில் பேச்சுக்குப் பதில் சொல்லக்கூடியது சோற்றுக் குக்கர் ஒன்றுதான். அதனால்தான் மாலை ஆனதும் அவர் கீழே இறங்கி, அடுக்குமாடியின் தரைத்தளத்தில் இருக்கும் மோகனா கடைக்கு வந்துவிடுவார். அங்கே 'பதினைந்தாவது லோகம்' என்ற மாயாஜால நாடகம் ஓடும். அது ஓட ஓட இவர் வாயும் ஓடும்.

"பதினாலு லோகத்தையே ஒழுங்கா காட்டி முடிக்கல, அதுக்குள்ள பதினஞ்சாவதா?" என்று முதல் நாளே ஆரம்பித்தார்.

அதற்குப் பிறகு நிற்கவே இல்லை. இளவரசன் ரத்னவர்மனிடம் பறக்கும் குதிரை இருந்தது. அதைக் கொட்டிலில் கட்டிவிட்டு, அவன் படையோடு தூமகண்டனின் கோட்டைக்கு மாதக்கணக்கில் நடந்தே போனான். "பட்டர்வொர்த்துக்குப் போக பாலம் இருக்கு, ஃபெரி இருக்கு. இவன் லுங்கியைத் தூக்கிக்கட்டி நீந்திப் போறான்லா!" என்றார் பக்கிரிசாமி. இளவரசி ஒரு தூணில் மோதி நினைவை இழந்தாள். பிறகு அதே தூணில் மோதி நினைவு திரும்பியது. பிறகு மறுபடியும் அதே தூண். "ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டு அந்தத் தூணை எடுத்துப்போட்டா கதை முடிஞ்சிரும். அரமணையில அறுநூறு வேலைக்காரன் நிக்கிறான், ஒருத்தனுக்குக்கூடத் தோணல பாரு!" எல்லாவற்றையும் காட்டும் மாயக்கண்ணாடி ஒன்று ராணியின் படுக்கையறையிலேயே இருந்தது, காணாமல் போன ராணியை ஊரெல்லாம் தேடினார்கள், கண்ணாடியில் மட்டும் யாரும் பார்க்கவில்லை. "தலை சீவவாவது ஒருத்தன் அதுக்கு முன்னாடி போய் நிக்கக்கூடாதா?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். விசாலம் ஆச்சி சிரிக்கவில்லை.

ஆச்சி காரைக்குடிப் பக்கத்திலிருந்து வந்த செட்டியார் குடும்பம். இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றில் க்ளெய்ம் பார்க்கும் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். இந்தத் தீவில் யாருடைய காடி, லாரி எங்கே இடித்தாலும், "இடிச்சுதா, இடிச்ச மாதிரி வச்சீங்களா?" என்று கேட்டவர். வெள்ளத்தில் மூழ்கிய கடையைப் பார்க்கப் போய், முழங்கால் தண்ணீரில் நின்றபடியே, "தண்ணி வந்ததுக்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டதாகப் பேச்சு. அப்படிப்பட்ட ஆச்சி, பதினைந்தாவது லோகத்தை மட்டும் ஒரு வார்த்தை விடாமல் நம்பினார். குதிரை பறந்தால் அண்ணாந்து பார்ப்பார். இளவரசி தூணில் மோதினால் தன் நெற்றியைத் தடவிக்கொள்வார்.

சண்டை முற்றியது ரத்னவர்மன் தவம் செய்தபோது.

தூமகண்டன் வரம் வாங்கியிருந்தான். தேவராலும் மனிதராலும் மிருகத்தாலும் எந்த ஆயுதத்தாலும் சாவு கூடாது. அவனைக் கொல்லும் வழி தேடி ரத்னவர்மன் காட்டுக்குப் போய், ஒரு பெரிய மரத்தடியில் உட்கார்ந்து பன்னிரண்டு ஆண்டுகள் கண்ணை மூடினான். கற்பக விருட்சம் என்றார்கள். பக்கிரிசாமி நாற்காலியோடு முன்னால் நகர்ந்தார்.

"அட, இது பாலிக் புலாவுல நம்ம கமால் தோட்டத்து டுரியான் மரம்லா! பின்னால தகரக் கொட்டகை தெரியுது பாரு. என் பஸ் நின்ன எடத்துக்கு எதிர்த்தாப்ல." குரல் எகிறியது. "டுரியான் மரத்தடியில பன்னெண்டு வருஷம்! பன்னெண்டு சீசன்! நம்ம ஊர்ல டுரியானை எவனாவது பறிக்கிறானா? முள்ளு முள்ளா, தேங்காய் கனத்துல, தானா விழுந்தாத்தானே பழம்? பன்னெண்டு சீசனும் உக்காந்திருக்கான், மண்டையில ஒரு கீறல் உண்டா? கிரீடம்கூடப் போடல!"

"அண்ணே" என்றார் ஆச்சி. அவர் அண்ணே என்று சொன்னால் க்ளெய்ம் தள்ளுபடி என்று பொருள். "டுரியானுக்குக் கண்ணு இருக்கு. மனுஷன் மேல விழாது. சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்."

பினாங்கில் இதை மறுத்துப் பேசுகிறவன் பினாங்கில் பிறந்தவனே அல்ல. பக்கிரிசாமிகூட ஒரு கணம் வாயை மூடினார். ஆனால் மூடிய இடத்தில்தான் அவருக்கு அந்த யோசனை உதித்தது. முகம் முழுக்க வெளிச்சம்.

"மனுஷன் மேல விழாதுதான் ஆச்சி. ஆனா தூமகண்டன் மனுஷன் இல்லையே. அசுரன்லா! தேவன், மனுஷன், மிருகம், ஆயுதம், எல்லாத்தையும் வரத்துல சொன்னான். பழத்தைச் சொன்னானா?"

கடையில் இருந்தவர்கள் நாற்காலியோடு அவர் பக்கம் திரும்பினார்கள்.

"எழுதி வச்சுக்குங்க. அவன் டுரியான் விழுந்துதான் சாவான். வேற எப்படிக் கொன்னாலும் கதை ஓட்டை!"

"விழலன்னா?" என்றார் ஆச்சி.

"விழலன்னா என்ன வேணாலும் கேளுங்க."

"இந்த நாடகம் முடியிற வரைக்கும் நீங்க வாயைத் திறக்கக்கூடாது. தைப்பூசத்துல வாய்ப்பூட்டு அலகு குத்திக்கிறாங்கல்ல, அந்த மாதிரி. ஒரு 'ம்'கூடக் கிடையாது."

பக்கிரிசாமி மோகனாவைப் பார்த்தார். "நாடகம் எப்ப முடியும்?"

"அது எடுக்கிறவங்களுக்கே தெரியாது" என்றாள் மோகனா.

"சரி. விழுந்தா? அந்த ஃபேனுக்குக் கீழ இருக்கிற நாக்காலி எனக்கு. அதுல உக்காந்துதான் பேசுவேன். நீங்க கேக்கணும்."

மோகனா இருவர் கையையும் சேர்த்து வைத்தாள்.

அன்றிரவே பக்கிரிசாமி நாடகக்காரர்களின் எண்ணைத் தேடிப்பிடித்து டுரியான் யோசனையைக் குரல் பதிவாக அனுப்பினார். பதில் இல்லை. மறுநாள் இன்னும் விளக்கமாக அனுப்பினார். பதில் இல்லை. மூன்றாவது பதிவில் டுரியான் விழும் சத்தத்தையும் வாயாலேயே செய்து காட்டினார். அவருடைய எண்ணையே தடைசெய்துவிட்டார்கள்.

அவர் சோறு இறங்காமல் இருந்த நாளில் கமால் போன் செய்தார். பாலிக் புலாவில் தோட்டம் வைத்திருக்கும் கமால், அவருடைய பஸ்ஸில் கூடையும் கையுமாக ஏறிய காலத்திலிருந்து நண்பர். "அண்ணே, உங்க நாடகக்காரங்க மறுபடி வர்றாங்க. அசுரனைக் கொல்ற சீனாம். போன தடவை பிப்ரவரியில வந்தாங்க, மரத்துல ஒண்ணுமில்ல. இப்ப சீசன். மரம் முழுக்கக் காய் தொங்குது. கீழ கட்டியிருக்கிற வலையை அவுக்கச் சொல்றாங்கண்ணே! அந்தக் காலத்துல நைலான் வலை ஏதுன்னு கேக்குறாங்க. எனக்குப் பயமா இருக்கு, வாங்க."

போவதற்கு ஆச்சியின் காடிதான் இருந்தது. "நீங்க தனியாப் போனா மரத்துல ஏறி நீங்களே பழத்தைத் தள்ளிவிடுவீங்க" என்று சொல்லி ஆச்சியும் வந்தார். வழி நெடுக வளைவுக்கு வளைவு பக்கிரிசாமி ஹாரன் கொடுத்தார். காடியின் ஹாரன் நன்றாகத்தான் இருந்தது.

தோட்டத்தில் கமால் வந்தவர்களுக்கெல்லாம் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் கொடுத்துக்கொண்டிருந்தார். கோலாலம்பூரிலிருந்து வந்திருந்த டைரக்டர் கௌரி அதை வாங்கி நாற்காலிக்கு அடியில் வைத்தாள். ஹெல்மெட் தேவைப்படாத ஒரே ஆள் தூமகண்டன்தான். அசுரனாக நடித்த தயாளன், மாக் மண்டினில் ஒரு பட்டறையில் வெல்டிங் வேலை பார்ப்பவர். நாடகக்காரர்கள் கொடுத்த அட்டைக் கிரீடம் வியர்வையில் தொளதொளத்ததால், பட்டறைப் பாதுகாப்புத் தொப்பிமேல் இரண்டு தகரக் கொம்புகளைப் பற்றவைத்து, தங்க வண்ணம் அடித்துத் தானே ஒன்று செய்துகொண்டிருந்தார்.

பக்கிரிசாமியை ஒரு ஸ்டூலில் உட்காரவைத்தார்கள். "அங்கிள், ஷாட் போகும்போது சத்தமே வரக்கூடாது, ஓகே?" என்றாள் கௌரி. அவர் ஹெல்மெட் ஆட ஆடத் தலையசைத்தார். தோள் துண்டை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டார். ஆச்சி அதைப் பார்த்து முதல்முறையாகப் புன்னகைத்தார்.

ஷாட் தொடங்கியது. தூமகண்டன் மரத்தடிக்கு வந்து நின்று அட்டகாசமாகச் சிரித்தான். ரத்னவர்மன் தவத்திலிருந்து கண் திறந்தான். எழுந்தான். முதுகுக்குப் பின்னாலிருந்து பளபளவென்று ஒரு வில்லை எடுத்தான். அதில் அம்பைப் பூட்டினான்.

அம்பு!

பக்கிரிசாமியின் கழுத்து நரம்புகள் புடைத்தன. வரத்தில் என்ன சொன்னான்? ஆயுதத்தால் சாவு கூடாது. பன்னிரண்டு வருடம் உட்கார்ந்து யோசித்துவிட்டு இவன் கண்டுபிடித்தது அம்பா? காது சிவந்தது. கண் பிதுங்கியது. அடைத்த துண்டு தானாகவே வெளியே வந்து விழுந்தது.

"நிறுத்துங்க! அம்பு ஆயுதம்லா!"

மலை வளைவில் லாரியைப் பின்னோக்கி அனுப்பிய சத்தம் அது. பக்கத்துத் தோட்டத்துச் சேவல்கள் கூவின. ஒரு நாய் படுத்துவிட்டது. மரத்திலிருந்த பறவையெல்லாம் ஒரேயடியாக எழுந்தன; உச்சிக் கிளை ஒன்று ஆடி நிமிர்ந்தது. அப்புறம் மேலேயிருந்து இலையைக் கிழித்துக்கொண்டு ஏதோ வரும் ஓசை.

டங்!

ஒரு கொம்பு கமாலின் கொட்டகைத் தகரத்தில் போய் விழுந்தது. இன்னொரு கொம்பு வளைந்து தூமகண்டனின் காதைத் தொட்டது. அசுரன் கையை இரண்டு பக்கமும் விரித்து, அப்படியே மல்லாந்து சாய்ந்தான். பக்கத்தில் டுரியான், எதுவும் நடக்காததுபோல உருண்டு நின்றது.

பக்கிரிசாமி கீழே விழுந்த துண்டை எடுத்து மார்போடு பிடித்துக்கொண்டார். ஊரில் அத்தனை பேரையும் வாயாலேயே வென்றவர்தான். உண்மையிலேயே ஒருவர் விழுந்து பார்த்ததில்லை. "ஐயையோ, கொன்னுட்டேனே" என்று அவர் சொன்னது அவருக்கே கேட்கவில்லை. அவர் வாழ்க்கையில் யாருக்கும் கேட்காமல் சொன்ன ஒரே வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

தரையிலிருந்து மெதுவாக ஒரு குரல் வந்தது. "கட் சொல்லியாச்சா மேடம்? எந்திரிக்கவா?"

கௌரி கட் சொன்னாள். ஓடிப்போய்த் தொப்பியைக் கழற்றிப் பார்த்தார்கள். உச்சியில் ஒரு குழி. உள்ளே தயாளன் தலை பத்திரமாக, கொஞ்சம் தங்க வண்ணத்தோடு. அதன் பிறகு எல்லோரும் பக்கிரிசாமியைத் திட்டத் திரும்பினார்கள். ஆனால் கௌரி கேமராவின் சின்னத் திரையில் குனிந்து, எடுத்ததையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வரத்துல பழத்தைச் சொல்லலம்மா" என்றார் பக்கிரிசாமி, ஈனசுரத்தில்.

அவள் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "அந்த வாய்ஸ் மெசேஜ் அங்கிள் நீங்கதானா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, எல்லோரும் ஹெல்மெட் போடச் சொன்னாள்.

கமால் அந்தப் பழத்தை வெட்டினார். கொலைக்கருவியை எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்த இடத்திலேயே தின்று தீர்த்தார்கள். முதல் சுளையை முறைப்படி செத்தவருக்கே கொடுத்தார்கள். ஆச்சியும் தின்றார்.

திரும்பி வரும்போது பக்கிரிசாமி பேசாமல் இருந்த நேரம் சரியாகக் காடியின் கதவைச் சாத்தும் வரைதான். "பாத்தீங்களா ஆச்சி! விழுந்துச்சா இல்லையா? நாக்காலி எனக்கு!"

"நாடகத்துல வந்தாத்தான் பந்தயம். இது வெறும் விபத்து" என்றார் ஆச்சி, பாதையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நான் கத்தினேன், விழுந்துச்சு!"

"பழுத்த பழம், விழுந்துச்சு. எங்க கம்பெனியில இதுக்குத் தெய்வச் செயல்னு பேரு. தெய்வச் செயலுக்கு க்ளெய்ம் கிடையாது."

"கண்ணால பாத்தீங்களே!"

"ஆதாரம் எங்க?"

"ஆதாரத்துல மூணு சுளை நீங்களே தின்னீங்க!"

ஆச்சி ஹாரனை அழுத்தினார். எதிரே வண்டி எதுவும் இல்லை.

இப்போது ஏழரை. மோகனா சத்தத்தைக் கூட்டி வைத்தாள். கடையில் இருந்த ஈக்கள்கூட உட்கார்ந்துவிட்டன என்று பக்கிரிசாமி பிற்பாடு சொன்னார். அந்தக் காட்சியையே வெட்டியிருப்பார்களோ? கோலாலம்பூரில் யாராவது ஒரு பெரிய மனிதர், பழமெல்லாம் வேண்டாம், அம்பே போதும் என்றிருப்பாரோ? அவர் நாக்கைப் பற்களால் மெதுவாகக் கடித்துப் பார்த்தார். பேசாமல் இருப்பது எப்படி இருக்கும் என்று ஒத்திகை. நன்றாகவே இல்லை.

திரையில் தூமகண்டன் சிரித்தான். ரத்னவர்மன் எழுந்தான். வில்லை எடுத்தான். அம்பைப் பூட்டினான். இசை ஏறியது. ஆச்சி நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்தார்.

வானம் கறுத்தது. மேகம் பிளந்தது. உள்ளிருந்து ஒரு பேரொளி. அந்த ஒளிக்குள்ளிருந்து, பதினைந்து லோகமும் நடுங்க, எதிரொலிமேல் எதிரொலியாக ஓர் அசரீரி எழுந்தது.

"நிறுத்துங்க... நிறுத்துங்க... அம்பு ஆயுதம்லா... லா... லா..."

ரத்னவர்மன் கைகூப்பி வில்லைக் கீழே வைத்தான். கற்பக விருட்சம் ஒருமுறை சிலிர்த்தது. டுரியான், தங்க ஒளி சூழ, மெதுவாக, மிக மெதுவாக, மூன்று பக்கத்திலிருந்தும் காட்டியபடி இறங்கி வந்தது. டங்! தூமகண்டன் கை விரித்துச் சாய்ந்தான். தேவர்கள் பூமாரி பொழிந்தார்கள். விளம்பர இடைவேளை.

மோகனா வாயில் வைத்த கையை எடுக்கவில்லை. "சாமி 'லா' போடுது! அசரீரிகூட நம்ம ஊர்தான் போல."

"அது நான்!" என்று பக்கிரிசாமி உட்கார்ந்த இடத்திலிருந்து துள்ளினார். "என் குரல்லா அது!"

"போங்கண்ணே. அது எவ்வளவு கம்பீரமா இருந்துச்சு" என்றாள் மோகனா. கடை மறுபடி சிரித்தது. "கொன்னதுதான் நீங்கன்னு பாத்தா இப்ப சாமியே நீங்களா? நாளைக்கு மரமும் நான்தான்னு சொல்லுவீங்க."

பக்கிரிசாமி யாரையும் பார்க்கவில்லை. நேராக மின்விசிறிக்குக் கீழே போய் நின்றார். அவர் குரல் இப்போது கெப்பாலா பத்தாஸுக்கு அல்ல, பக்கத்து மேசைக்குக்கூடக் கேட்காத அளவுக்குத் தணிந்திருந்தது.

"ஆச்சி. தெய்வச் செயல்னு நீங்கதானே சொன்னீங்க. அந்தத் தெய்வம் யாருன்னு இப்ப கேட்டீங்கல்ல?"

ஆச்சி அவரை ஏற இறங்கப் பார்த்தார். எத்தனையோ உடைந்த காடிகளையும் மூழ்கிய கடைகளையும் பார்த்த பார்வை. எங்கேயாவது ஒரு ஓட்டை இருக்காதா என்று தேடியது. விளம்பரம் முடிந்து மறுபடி நாடகம் வந்தது. செத்துக்கிடந்த தூமகண்டனின் காதோரம் வளைந்த தகரக் கொம்பு பளபளத்தது. இளவரசி அவனைப் பார்க்க ஓடிவந்து, நேராகத் தூணில் மோதினாள். ஆச்சியின் கை தன்னையறியாமல் நெற்றிக்குப் போய், பாதியில் நின்றது. உதட்டோரம் துடித்தது.

அவர் எழுந்தார். புடவையால் நாற்காலியை ஒருமுறை தட்டித் துடைத்து, பக்கிரிசாமியின் பக்கம் நகர்த்தினார்.

"சிரிக்காதீங்க எல்லாரும்" என்றார். கடை சிரிப்பை நிறுத்தியது. "நான் அங்கதான் நின்னேன். இவர் கத்தினார், பழம் விழுந்துச்சு, அசுரன் செத்தான். நடந்ததுதான்லா."